அணி தோற்றுக்கொண்டே இருக்கிறதா? சென்னையின் எஃப்.சி. ரசிகருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தை விட்டு வெளியே வரும் கூட்டத்தில், தோற்ற இரவுகளில், ஒரே பேச்சுதான். "கோச்சைத் தூக்கணும் மச்சி." ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடரில் ஆடும் நம் சென்னையின் எஃப்.சி.யை, 2014ல் அணி தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோச்சைத் தூக்கினார்கள். ஒரு தடவை சரியானது, மற்ற தடவைகளில் ஆகவில்லை. அடுத்த சீசனில் அதே கோளாறு, வெளியே வரும்போது அதே பேச்சு.

2018-19ல்தான் நோட்டு ஒன்றை எடுத்தேன். அதற்கு முந்தின சீசனில், 2018 மார்ச் 17 அன்று, பெங்களூருவிலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வென்று கோப்பை தூக்கிய அணி நம் அணி. அடுத்த சீசனில் 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, 9 புள்ளி, கடைசி இடம். சில மாதங்களில் என்ன ஆனது என்று எனக்குப் புரியவே இல்லை. தொண்டை வலிக்கக் கத்தியும் புரியவில்லை. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதி வைத்ததை இங்கே அறிகுறி வாரியாகப் பிரித்துத் தருகிறேன். உங்கள் அணி வேறு ஊர் அணியாக இருந்தாலும் பார்க்கும் முறை இதேதான்.

தொடங்கும் முன்

ஒரு தோல்வியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே கோளாறு மூன்று ஆட்டங்களிலாவது வர வேண்டும். சின்ன நோட்டும் பேனாவும் போதும். முடிந்தால் டிவியை விட்டுவிட்டு ஸ்டேடியத்துக்குப் போய், ஸ்டாண்டின் மேல் வரிசையில் உட்காருங்கள். டிவி பந்தைத் துரத்தும். கோளாறு பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில்தான் இருக்கும். நம் ஸ்டேடியத்தில் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் கீழ் வரிசையிலிருந்தும் ஆட்டம் தூரமாகத்தான் தெரியும். மேலே போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

காரணம் தேடும்போது செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஓர் ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை. பெஞ்சில் இருப்பவரை இறக்கவும் செலவில்லை, ஒரு வாரப் பயிற்சி போதும். புது ஆளை வாங்க ஜனவரி வரை காத்திருக்க வேண்டும், பணமும் வேண்டும். கோச்சை மாற்றினால் போகிறவருக்கு ஒரு தொகை, வருகிறவருக்கு ஒரு தொகை. நிர்வாகத்தின் போக்கை மாற்றுவது எல்லாவற்றையும்விட விலை கூடியது, வருடக்கணக்கில் ஆகும். நாம் பல நேரம் நேராக நாலாவதற்குப் போய்விடுகிறோம்.

அறிகுறி: பந்து நம் காலிலேயே இருக்கிறது, கோல் விழவில்லை

நம் அணி அடிக்கும் ஷாட்களை இரண்டு பத்தியாக எழுதுங்கள். பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கட்டம்) அடித்தது இடது பக்கம், வெளியிலிருந்து அடித்தது வலது பக்கம். வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்களில் நூற்றுக்கு மூன்றோ நான்கோதான் கோலாகும். ஸ்டாண்டில் அதற்குத்தான் "ஓ" என்று பெரிய சத்தம் வருகிறது, ஆனால் நோட்டில் அதற்கு மதிப்பு குறைவு.

வலது பக்கம் மட்டும் நீளமாக இருந்தால்: எதிரணி பத்துப் பேரையும் இறக்கி வைத்திருக்கிறது, நம் ஆட்களுக்கு உள்ளே போக வழி தெரியவில்லை. இடது, வலது ஓர டிஃபெண்டர்கள் இருவரும் கோட்டை ஒட்டி மேலே ஏறுகிறார்களா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அதுதான் காரணம், அடுத்த ஆட்டத்திலேயே சரிசெய்யலாம். ஏறியும் பயன் இல்லையென்றால், அவர்கள் ஓரத்திலிருந்து கோல் பக்கமாக கிராஸ் போடும் நொடியில் பாக்ஸுக்குள் நம் சட்டை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்று என்றால், மிட்ஃபீல்டில் இருந்து யாரும் ஓடி வரவில்லை. அந்த ஒற்றை ஸ்ட்ரைக்கரை இரண்டு டிஃபெண்டர்கள் நடுவில் விட்டுவிட்டு, "தலையே வைக்கத் தெரியல" என்று நாம் திட்டுகிறோம்.

இடது பக்கம் நீளமாக இருந்தும் கோல் இல்லையென்றால்: பொறுங்கள். இது எனக்குக் கடினமாக வந்த பாடம். 2019-20 சீசனில் முதல் நான்கு ஆட்டங்களில் நம் அணி ஒரு கோலும் அடிக்கவில்லை. கோவாவிடம் 0-3, மும்பையுடன் 0-0, கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. லிதுவேனியாவிலிருந்து வந்த நெரியுஸ் வால்ஸ்கிஸ் எதற்கும் லாயக்கில்லை என்று என்னைச் சுற்றி இருந்த எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஐந்தாவது ஆட்டம், ஹைதராபாத்துடன். 90 நிமிடம் வரை 0-0. 90 நிமிடத்துக்கு மேல் கூட்டிக் கொடுத்த நேரத்தில் நம் ஷெம்ப்ரி ஒன்று அடித்தார், உடனே ஹைதராபாத் திருப்பி அடித்தது, அதன் பின்னும் நேரம் இருந்தது, வால்ஸ்கிஸ் வெற்றி கோலைப் போட்டார். அந்த சீசனின் முடிவில் அவர் கணக்கு 15 கோல், அதிக கோலுக்கான கோல்டன் பூட் விருது அவருக்குத்தான். நான்காவது ஆட்டத்தோடு அவரை ஓரம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு பக்கமும் காலியாக இருந்தால்: ஷாட்டே இல்லை என்று அர்த்தம். இப்போது ஸ்ட்ரைக்கரை விட்டுவிட்டு, அவருக்குப் பந்து கொடுக்க வேண்டியவரைத் தேடுங்கள். 2020-21 இதற்குத் தெளிவான உதாரணம். 20 ஆட்டம், 17 கோல், 11 டிரா. முந்தின சீசனில் ஆட்டத்தை நடத்திய ரஃபேல் கிரிவெல்லாரோ கணுக்காலில் அடிபட்டு பாதியிலேயே போய்விட்டார். வால்ஸ்கிஸும் ஏற்கெனவே ஜம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். கொடுக்கிறவரும் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. அந்த இடத்துக்கு அணிக்குள் வேறு ஆள் இருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். விங்கில் ஆடுகிற ஒருவரை நடுவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது செலவில்லாத வேலை. யாருமே இல்லையென்றால் ஜனவரி.

ஸ்ட்ரைக்கரே காரணமாக இருப்பதும் உண்டு. ஜெஜே லால்பெக்லுவா கோப்பை வென்ற சீசனில் 9 கோல் அடித்தார், கடைசி இடம் வந்த சீசனில் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துவிட்டு அவர்தான் கோளாறு என்று சொல்வது சுலபம். ஆனால் பாக்ஸுக்குள் அவர் காலில் எத்தனை தடவை பந்து பட்டது என்று நான் எழுதத் தொடங்கிய பிறகு அவர் மீதிருந்த கோபம் பாதி போய்விட்டது. பந்து வந்தும் நழுவவிடுகிறாரா, பந்தே வரவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது என்றால் இரண்டு வாரம் உட்காரவைத்து இளைஞர் ஒருவருக்கு வாய்ப்பு கொடுக்கலாம். இரண்டாவது என்றால் அவரை மாற்றிப் பயனே இல்லை.

நிபுணரிடம் விடும் நேரம்: ஐந்து ஆட்டம் தொடர்ந்து பாக்ஸுக்குள் மூன்று நான்கு ஷாட்டுக்கு மேல் வரவில்லை, ஆளையும் இடத்தையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அப்போது ஆட்டமுறையைத்தான் மாற்ற வேண்டும். அது கோச்சின் வேலை. அவருக்கு அதற்கான நேரத்தைக் கொடுப்பது நம் வேலை.

அறிகுறி: முன்னிலை வருகிறது, தங்குவதில்லை

2018 அக்டோபர், நார்த் ஈஸ்ட் யுனைடெட் சென்னைக்கு வந்திருந்தது. முதல் பாதியிலேயே ஒரு கட்டத்தில் நாம் 3-1. முடிவு 3-4. பார்தலோமியூ ஓக்பெச்சே ஹாட்ரிக் அடித்தார். அந்த இரவு வீட்டுக்குப் போன வழி எனக்கு நினைவில்லை.

வாங்கிய கோல்களின் நிமிடத்தை எழுதுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம், மொத்தம் ஆறு கட்டம். பத்து ஆட்டம் முடிந்ததும் எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

நாம் கோல் அடித்த அடுத்த ஐந்து நிமிடத்தில் வாங்கினால் அது கவனக் கோளாறு. கொண்டாடிவிட்டு வந்து, எதிரணி நடுவிலிருந்து தொடங்கும்போது நம் வரிசை இன்னும் சேர்ந்திருக்காது. கேப்டன் குரல் கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய விஷயம். நல்ல கேப்டன் இருந்த வருடங்களில் இந்தக் கோளாறு குறைவாக இருந்தது என்பது என் அனுபவம்.

70 நிமிடத்துக்குப் பிறகு வாங்கினால், சப்ஸ்டிடியூட் எந்த நிமிடத்தில் வந்தார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஐந்து பேரை மாற்ற விதி இடம் கொடுக்கிறது. 80 நிமிடம் வரை ஒருவரையும் மாற்றாமல் வைத்திருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. சென்னையில் ராத்திரி ஏழரை மணிக்கு ஆடினாலும் புழுக்கத்தில் சட்டை பிழியலாம். அந்தப் புழுக்கத்தில் மிட்ஃபீல்டில் இருவர் 90 நிமிடமும் ஓட முடியாது.

நேரத்துக்கு மாற்றியும் கோல் விழுகிறதென்றால், டிஃபென்ஸுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். இதற்குத்தான் மேல் வரிசை. முன்னிலை வந்ததும் டிஃபெண்டர்கள் பயத்தில் நம் கோலை நோக்கிப் பின்வாங்குவார்கள், மிட்ஃபீல்டர்கள் முன்னாலேயே நிற்பார்கள், நடுவில் ஒரு தெருவே திறந்துவிடும். எதிரணியின் நல்ல ஆட்டக்காரர் அந்தத் தெருவில் நின்று திரும்பி, நிதானமாக பாஸ் கொடுப்பார். இந்தக் காட்சியை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டீர்களானால் கோல் விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், வயிறு கலங்கும்.

நிபுணரிடம் விடும் நேரம்: கடைசி இருபது நிமிடத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் எண்ணிக்கை கூடினால், தொடையின் பின்தசை அடிபட்டு ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பேர் போனால், அது உடற்தகுதிப் பயிற்சியாளரும் டாக்டரும் பார்க்க வேண்டியது. அதற்கு மேல் ரசிகரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஊகிக்கவும் வேண்டாம்.

அறிகுறி: கார்னர், ஃப்ரீகிக் என்றாலே கோல் வாங்குகிறோம்

இருப்பதிலேயே மலிவாகச் சரிசெய்யக்கூடிய கோளாறு இதுதான். அதனாலேயே இது தொடர்ந்தால் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

மூன்று விஷயம் பாருங்கள். பந்தை முதலில் தொட்டது யார்? எதிரணி என்றால் அவரைப் பிடிக்க வேண்டியவர் யார், அவர் உயரம் என்ன? பந்து வரும் பக்கத்துக் கோல் கம்பத்தில் நம் ஆள் நின்றாரா? நாம் தலையால் தள்ளிய பந்து பாக்ஸின் விளிம்பில் விழுந்தபோது அங்கே யார் இருந்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "யாருமே இல்லை" என்றுதான் பதில் வரும். எல்லோரும் கோலுக்கு முன்னால் கூடிவிடுகிறார்கள். விளிம்பில் ஒருவரை நிறுத்தினால் போதும்.

இதே விஷயம் நமக்குச் சாதகமாக வேலை செய்த இரவும் உண்டு. 2018 இறுதிப் போட்டியில் 9வது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார், பெங்களூரு மைதானம் அதிர்ந்தது. அப்புறம் இரண்டு கார்னர், மைல்சன் ஆல்வ்ஸின் இரண்டு தலையடி, இடைவேளைக்கு முன்பே நாம் 2-1. அந்த சீசன் முழுக்க நன்றாக ஆடிய அணியை இரண்டு கார்னர்கள் சாய்த்தன. அன்று பெங்களூரு ரசிகர்கள் எழுதியிருக்க வேண்டிய நோட்டுதான் இன்று நம் கையில் இருக்கிறது.

நிபுணரிடம் விடும் நேரம்: கோல்கீப்பர் தன் ஐந்தரை மீட்டர் கட்டத்துக்குள் வரும் உயரப் பந்துக்குக்கூட வெளியே வராமல் கோட்டிலேயே நிற்கிறார் என்றால், கோல்கீப்பர் கோச்சிடம் விட வேண்டும். ஸ்டாண்டிலிருந்து கத்தினால் அவர் இன்னும் பின்னால்தான் போவார்.

அறிகுறி: ரெட் கார்டு வாங்கியே தோற்கிறோம்

ஒரு முறை என்றால் விட்டுவிடுங்கள். 2025 ஜனவரி 30 அன்று கேரளாவுக்கு எதிராக, சொந்த மைதானத்தில், முதல் பாதியிலேயே ஸ்ட்ரைக்கர் வில்மர் ஜோர்டான் ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். 1-3 தோல்வி. பத்துப் பேரை வைத்து அந்த ஆட்டத்தை அலசுவதில் பொருள் இல்லை, நோட்டில் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வாங்கினால் அவரிடம் கோச் பேச வேண்டும். வெவ்வேறு ஆட்கள் வாங்கினால், எல்லோரும் தாமதமாகவே பந்துக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். மேலே சொன்ன திறந்த தெருவைப் போய்ப் பாருங்கள்.

அறிகுறி: தொடர்ந்து ஐந்து தோல்வி. கோச்சை மாற்றலாமா?

இதுவரை நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

2015ல் மார்கோ மாத்தராட்சி கோச். லீகின் பாதிக்கு மேல் தாண்டியும் நாம் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தோம். கோச்சை மாற்றவில்லை. லீகின் கடைசி நான்கு ஆட்டத்தையும் வென்றோம். டிசம்பரில் வெள்ளம் வந்தது, சென்னையில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினோம். கோவாவின் ஃபதோர்டாவில் இறுதிப் போட்டி. 87வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. 90ல் சமன், இரண்டே நிமிடத்தில் ஸ்டீவன் மெண்டோசா, 3-2. வீட்டில் தண்ணீர் புகுந்து சாமான் எல்லாம் போன நண்பர் ஒருவர் அன்று ராத்திரி போனில் அழுதுகொண்டே சிரித்தார்.

2018-19ல் ஜான் கிரெகரி. அவரையும் மாற்றவில்லை. கடைசி இடம்.

2019-20ல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, கிரெகரி விலகினார். ஓவன் காய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு நான்காவது இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5, இறுதிப் போட்டி. கொரோனா காரணமாக ரசிகர் ஒருவர்கூட இல்லாத மைதானத்தில் ஏடிகேவிடம் 1-3.

அடுத்து வந்த மூன்று சீசன்களைக் கவனமாகப் பாருங்கள். 2020-21ல் சாபா லாஸ்லோ, 8வது இடம். 2021-22ல் போசிதர் பந்தோவிச்; கோவாவிடம் 0-5 தோற்றதும் பிப்ரவரியில் அவரை நீக்கினார்கள், நம்ம ஊர் சபீர் பாஷா மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டார், 8வது இடம். 2022-23ல் தாமஸ் பிர்டாரிச், 8வது இடம். மூன்று கோச், மூன்று விதமான ஆட்டம், ஒரே இடம்.

2023ல் காய்லே திரும்பி வந்தார். அந்த சீசன் 6வது இடம், பிளேஆஃபில் கோவாவிடம் 1-2. அடுத்தது 2024-25, 13 அணியில் 11வது. 2020ல் நம்மை இறுதிக்குக் கொண்டுபோன அதே மனிதர்தான்.

இந்த வரிசையைப் பார்த்த பிறகு, தோல்விகளின் எண்ணிக்கையை வைத்துக் கோச்சைப் பற்றி முடிவு செய்வதை நான் நிறுத்திவிட்டேன். மூன்று சோதனை மட்டும் செய்கிறேன்.

முதலாவது, பந்தை இழந்த ஆட்டக்காரர் அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறார்? திரும்பி ஓடினால் கோச் மீது அணிக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. இடுப்பில் கை வைத்து நின்றால், அதையே ஆறேழு பேர் செய்தால், நம்பிக்கை போய்விட்டது. 2018-19ன் கடைசி வாரங்களில்கூட நம் ஆட்கள் ஓடினார்கள். பிப்ரவரியில், அந்த ஆண்டு கோப்பை வென்ற பெங்களூருவையே 2-1 என்று தோற்கடித்தார்கள்.

இரண்டாவது, வாரத்துக்கு வாரம் முதல் பதினொரு பேர் எப்படி மாறுகிறார்கள்? ஒன்றிரண்டு மாற்றம் சரி. நான்கைந்து மாற்றமும் கூடவே வேறு அமைப்பும் என்றால் கோச்சுக்கே வழி தெரியவில்லை.

மூன்றாவது, மேலே சொன்ன கோளாறுகளில் ஏதாவது ஒன்றையாவது அவர் சரிசெய்திருக்கிறாரா? பத்து ஆட்டம் முன்பு கார்னரில் வாங்கிய கோலை இன்றும் அதே மாதிரி வாங்கினால், பயிற்சி மைதானத்தில் வேலை நடக்கவில்லை.

மூன்று சோதனையிலும் தவறினால் மாற்றலாம். சீசனில் பாதி மீதி இருக்கும்போதே மாற்ற வேண்டும். பிப்ரவரியில் மாற்றுவது வருகிறவருக்கும் நியாயம் இல்லை. ஒன்றில் மட்டும் தவறினால் காத்திருங்கள், அப்புறம் அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு சீசனும் புது அணி மாதிரி இருக்கிறது

எல்லாவற்றையும்விட விலை கூடியது இது. நான் நோட்டின் பின்பக்கத்தில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஆகஸ்டில் நான்கு பெயர் எழுதுவேன்: கோல்கீப்பர், நடு டிஃபெண்டர், நடு மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர். அணியின் முதுகெலும்பு. அடுத்த ஆகஸ்டில் அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று டிக் போடுவேன். மூன்று டிக் என்றால் அந்த சீசனை நம்பிக்கையோடு தொடங்கலாம். ஒன்றோ பூஜ்யமோ என்றால், யார் கோச்சாக வந்தாலும் டிசம்பர் வரை ஒருவரை ஒருவர் பழகுவதிலேயே போய்விடும்.

2018ல் கோப்பை தூக்கியதும் கேப்டன் செரெனோ போனார். நம்ம ஊர் தனபால் கணேஷ், கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் தலையடி கோல் போட்டவர், முழங்கால் காயத்தால் அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. ஜெஜே வறண்டார். முதுகெலும்பில் மூன்று கண்ணி போனால் 9 புள்ளிதான் வரும். 2020ல் அதைவிட மோசம். இறுதி வரை கொண்டுபோன கோச், 15 கோல் அடித்த ஸ்ட்ரைக்கர், இரண்டு பேருமே ஜம்ஷெட்பூருக்குப் போனார்கள். 2021-22ல் காய்லின் ஜம்ஷெட்பூர், லீக் சுற்றில் முதலிடம் வரும் அணிக்கான லீக் ஷீல்டை வென்றது. நாம் 8வது இடம்.

சரிபார்க்க வேண்டியவை, மலிவானதிலிருந்து. வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு இரண்டு வருட ஒப்பந்தம்? களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் இறங்கலாம் என்பதால் அந்த நான்கு இடமும் வருடா வருடம் மாறினால் முதுகெலும்பே மாறுகிறது. அடுத்து, இந்திய ஆட்டக்காரர்களில் மூன்று சீசன் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அதன் பிறகு, நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு வலிக்கிறது. வியாசர்பாடியில் சாயங்காலம் போய் நின்றால் தெரியும், அங்கே பந்து இல்லாத சந்து கிடையாது. அங்கிருந்து வந்த நந்தகுமார் சேகர் சென்னை சிட்டி என்ற வேறொரு அணியில் ஆடி, டெல்லி, ஒடிசா என்று போய், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தார். நான்கரை வருடம் கழித்து ஈஸ்ட் பெங்கால் வென்ற டெர்பி, அதாவது ஒரே ஊரின் இரண்டு அணிகள் மோதும் ஆட்டம். கொல்கத்தாவில் லட்சக்கணக்கானவர்கள் நம்ம பையன் பெயரைக் கத்தினார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சு அடைக்கவும் செய்தது. நாம் ஐஎஸ்எல்லில் கடைசி இடம் வந்த அதே 2018-19ல், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகின் கோப்பையை வென்றது. அந்த அணியில் இருந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் அப்புறம் நம் அணிக்கு வந்தார். ஆட்கள் இல்லாமல் இல்லை.

நிபுணரிடம் விடும் நேரம்: இரண்டு சீசன் தொடர்ந்து டிக் ஒன்றுக்கு மேல் வரவில்லையென்றால், இது கோச்சின் கையை மீறிய விஷயம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு இயக்குநரும், பணம் போடும் உரிமையாளர்களும்தான் பதில் சொல்ல வேண்டும். ஐஎஸ்எல்லில் 2018-19ல் கடைசி இடம் வந்தபோதும் நம்மைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கவில்லை. அந்தப் பயம் இல்லாத இடத்தில் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க ரசிகர்களைத் தவிர யாரும் இல்லை. பேனர் எழுதுவதாக இருந்தால் "கோச் வெளியே" என்று எழுத வேண்டாம். "ஏன் அவரைப் போகவிட்டீர்கள்?" என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

அறிகுறி: ஸ்டாண்ட் காலியாக இருக்கிறது

முதலில் தேதியைப் பாருங்கள். வார நாள் ராத்திரி ஏழரை மணி, அடுத்த நாள் பள்ளிக்கூடம் என்றால் குடும்பங்கள் வராது. நவம்பர், டிசம்பர் மழையும் இருக்கிறது. இதெல்லாம் இல்லாத சனிக்கிழமையிலும் காலி என்றால் தோல்விதான் காரணம். அதற்கு மேலே சொன்ன எல்லாமும் மருந்து. இதில் நம்மால் முடிந்தது ஒன்றுதான்: அடுத்த ஆட்டத்துக்கு ஐஎஸ்எல் பார்த்தே இராத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கெட் நீங்களே வாங்குங்கள்.

அறிகுறி: ஆட்டமே இல்லை

2025ல் இதுவும் வந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. அடுத்து என்ன என்று தெரியாததால் ஜூலையிலேயே லீக் நிறுத்திவைக்கப்பட்டது. பல கிளப்கள் வேலையை நிறுத்தின, நம் கிளப்பும் ஆகஸ்டில் நிறுத்தியது. லீக் தொடங்க 2026 பிப்ரவரி 14 ஆகிவிட்டது.

இதில் ரசிகர் செய்யும் சோதனை எதுவும் இல்லை. நோட்டு மூடியே கிடந்தது. அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடிப் பக்கம் போய் நின்றேன். ஒரு சின்னப் பையன், பத்து வயது இருக்கும், நம் அணியின் பழைய நீலச் சட்டை போட்டிருந்தான். முதுகில் 9, பெயர் அழிந்துபோயிருந்தது. "யாரு சட்டைடா?" என்று கேட்டேன். "எங்க அண்ணனோடதுண்ணா" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் ஓடினான். கிராஸ் வந்தபோது பாக்ஸ் என்று செருப்பு போட்டுக் குறித்த இடத்துக்குள் அவர்கள் ஆள் நான்கு பேர் இருந்தார்கள். எண்ணினேன்.